ஆசிரியரின் தனிவாழ்வும் சமூக ஊடகமும்

முன்னுரை

தமிழாசிரியர் ஒருவரைப் பள்ளிக்கு வெளியே காணும்போது மாணவர் முகத்தில் தோன்றும் வியப்பை நாம் அனைவரும் அறிவோம். ஆசிரியர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருப்பார். திரையரங்கின் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். கோவில் திருவிழாவில் குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டிருப்பார். "இவரும் இங்கெல்லாம் வருவாரா?" என்னும் வினா மாணவர் கண்ணில் தெரியும். மறுநாள் வகுப்பில் இரண்டு மூன்று பேர் அதைப் பற்றிப் பேசிச் சிரிப்பர். அத்துடன் அச்செய்தி முடிந்துவிடும்.

இன்று அது அவ்வாறு முடிவதில்லை. சந்தையில் கண்ட மாணவரின் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது. ஒரு நொடியில் படம் எடுக்கப்படுகிறது. ஒரு வரிக் கேலியுடன் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இடப்படுகிறது. அங்கிருந்து வேறு குழுக்களுக்குச் செல்கிறது. இன்னொரு பக்கம், ஆசிரியர் தம் உறவினருக்காகப் பதிவிட்ட ஒளிப்படம், அவர் எண்ணிப் பாராத கண்களைச் சென்றடைகிறது. இவ்விரு நிலைகளுக்கும் நடுவில்தான் இன்றைய ஆசிரியரின் தனிவாழ்வு நின்றுகொண்டிருக்கிறது.

தனிவாழ்வு என்பது எது, சமூக ஊடகம் அதில் செய்த மாற்றம் யாது, ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் பேண வேண்டிய எல்லைகள் எவை என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். அவ்வெல்லைகளைக் குறித்துச் சிந்திக்க நம் இலக்கண மரபே நமக்குத் துணைநிற்கும் என்பதையும் காண்போம்.

தனிவாழ்வு மறைவாழ்வு அன்று

தனிவாழ்வைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி உடன் எழுகிறது. "தவறு செய்யாதவர் எதற்காக மறைக்க வேண்டும்?" என்பதே அது. இக்கேள்வி தனிமையையும் மறைவையும் ஒன்றாகக் கருதும் பிழையிலிருந்து பிறக்கிறது. உணவு உண்பது தவறன்று. ஆயினும் நாம் உண்ணும்போது ஒருவர் எதிரே நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதை நாம் விரும்புவதில்லை. தாயிடம் பேசும் பேச்சு வேறு, நண்பரிடம் பேசும் பேச்சு வேறு, தலைமையாசிரியரிடம் பேசும் பேச்சு வேறு. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஒவ்வோர் உறவுக்கும் உரிய இடத்தையும் மொழியையும் நாம் தனித்தனியே பேணுகிறோம் என்பதே பொருள். ஆகவே, தனிவாழ்வு என்பது நம்மைப் பற்றிய செய்தி எவரிடம் எவ்வளவு சென்று சேர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யும் உரிமை ஆகும். 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 12ஆவது விதி, ஒருவரின் தனிவாழ்விலும் குடும்பத்திலும் இல்லத்திலும் மடற்போக்குவரத்திலும் காரணமின்றித் தலையிடலாகாது என்று கூறுகிறது. அவ்விதி ஆசிரியருக்கு விலக்கு எதனையும் அளிக்கவில்லை.

ஆயினும் ஆசிரியர் ஏனையோரைப் போன்றவர் அல்லர் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பெற்றோர் தம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கும் பணி இது. அந்நம்பிக்கையைக் குலைக்கும் நடத்தை பள்ளி நேரத்திற்கு அப்பால் நிகழ்ந்தாலும் பணியைத் தொடவே செய்யும். இதில் ஐயமில்லை. நம் வினா வேறு. நம்பிக்கையைக் குலைக்காத, எவருக்கும் தீங்கு செய்யாத, இயல்பான மனித வாழ்வு ஆசிரியருக்கு உண்டா? அவ்வாழ்வு பிறர் பார்வைக்கும் தீர்ப்புக்கும் எப்போதும் திறந்திருக்க வேண்டுமா?

சிங்கப்பூர்த் தமிழாசிரியருக்கு இவ்வினா இன்னும் கூர்மையானது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. இத்துணைச் சிறிய சமூகத்தில் ஆசிரியரின் மாணவர், மாணவரின் பெற்றோர், பெற்றோரின் உறவினர், ஆசிரியரின் பழைய பள்ளித் தோழர் ஆகியோர் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே இருப்பர். கோவில் மண்டபத்திலோ மசூதி வாயிலிலோ தேவாலய முற்றத்திலோ தமிழ்மொழி விழா நிகழ்ச்சியிலோ அனைவரும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்துக்கொள்வர். அறிமுகமற்றவராய் வாழும் வசதி பெருநகர ஆசிரியர் பலருக்கு உண்டு. நமக்கு அது என்றும் இருந்ததில்லை.

ஊடகம் செய்த மாற்றம்

அவ்வாறாயின் சமூக ஊடகம் புதிதாகச் செய்தது என்ன? பார்வை முன்பும் இருந்தது. ஆனால் அப்பார்வை, பார்த்தவரோடும் பார்த்த இடத்தோடும் கட்டுண்டிருந்தது. திருமண வீட்டில் ஆசிரியர் ஆடியதைக் கண்டவர், அது திருமண வீடு என்பதையும், ஆடியவர் மணமகளின் தாய்மாமன் என்பதையும் சேர்த்தே கண்டார். அவர் அதைப் பிறரிடம் சொன்னாலும் சூழலோடு சேர்த்தே சொன்னார். இன்று பத்து நொடிக் காணொளி அச்சூழலைத் திருமண மண்டபத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறது. அதைக் காண்பவர் கண்ணுக்குத் தெரிவது ஆடும் ஆசிரியர் மட்டுமே.

காலமும் இவ்வாறே கட்டவிழ்ந்துவிட்டது. 2006இல் ஃபேஸ்புக் தளம் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அன்று பல்கலைக்கழக மாணவராக இருந்தவர் பலர் இன்று நம் பள்ளிகளில் துறைத்தலைவர்களாக இருக்கின்றனர். இருபது வயதில் நண்பர்களுக்காக எழுதிய வேடிக்கை வரிகளை அவர்கள் மறந்திருக்கலாம்; தளம் மறப்பதில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் ஆசிரியரின் பெயரைத் தேடும்போது, அந்த இருபது வயது இளைஞரும் இன்றைய ஆசிரியரும் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்பர்.

நாம் அறியாமலேயே கதவுகள் திறந்துகொள்வதும் உண்டு. பெற்றோர் ஒருவரின் கைத்தொலைபேசியில் நம் எண் பதிவாகி, அவர் தம் தொடர்புப் பட்டியலை ஒரு தளம் பயன்படுத்திக்கொள்ள இசைந்தால், 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அத்தளம் நம் கணக்கை அவருக்குப் பரிந்துரைக்கக்கூடும். வாட்ஸ்அப் குழுவொன்றில் சேர்ந்தவுடன் நம் எண் அக்குழுவினர் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. அமைப்பை மாற்றாதவரை நம் முகப்புப் படமும் அவ்வாறே. நாம் எதையும் பதிவிடாவிட்டாலும், உறவினர் தாம் இட்ட படத்தில் நம் பெயரை இணைத்துவிடுவர். "நான் சமூக ஊடகத்தில் இல்லை" என்று கூறும் ஆசிரியரும், பிறர் பதிவுகளின் வழியே அங்கே இருக்கவே செய்கிறார்.

அயல்நாட்டு வழக்குகள் கூறுவன

ஆசிரியரின் பேச்சும் தனிவாழ்வும் நீதிமன்றம் வரை சென்ற நாடுகளுள் அமெரிக்கா குறிப்பிடத்தக்கது. நம் சட்டம் வேறு, சூழல் வேறு. எனினும் அங்கு எழுந்த வினாக்கள் நமக்கும் பொருந்துவன.

முதல் நிகழ்வு சமூக ஊடகக் காலத்திற்கு நெடுநாள் முற்பட்டது. இல்லினாய் மாநிலத்து ஆசிரியர் ஒருவர், பள்ளி வாரியம் நிதியைக் கையாண்ட முறையைக் குறைகூறி உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு மடல் எழுதினார். கல்விக்கும் விளையாட்டுக்கும் பணம் பகிரப்பட்ட முறையை அதில் கண்டித்தார். அதற்காகப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 1968இல் 'பிக்கரிங்' வழக்கு எனப்படும் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பொதுநலன் சார்ந்த பொருளில் குடிமக்களுள் ஒருவராகப் பேசும் உரிமையை ஆசிரியப் பணி பறித்துவிடாது; அவ்வுரிமையும் பள்ளி செவ்வனே நடைபெற வேண்டிய தேவையும் சீர்தூக்கிப் பார்க்கப்பட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது நிகழ்வு 2006இல் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்தது. பள்ளியில் பயிற்சி பெற்றுவந்த மாணவ ஆசிரியர் ஒருவர், கடற்கொள்ளையர் தொப்பி அணிந்து கையில் குவளையுடன் நிற்கும் தம் படத்தை, மது மயக்கத்தைக் குறிக்கும் வேடிக்கைத் தலைப்புடன் மைஸ்பேஸ் தளத்தில் இட்டார். அவருக்குக் கல்வியியல் பட்டம் மறுக்கப்பட்டது. ஆங்கிலப் பட்டமே வழங்கப்பட்டது. 2008இல் நீதிமன்றம் அவர் தொடுத்த வழக்கைத் தள்ளியது. அப்பதிவு பொதுநலன் சார்ந்த பேச்சு அன்று என்பது நீதிமன்றத்தின் முடிவு.

இவ்வழக்கு 'ஒரே ஒரு படத்தால் ஆசிரியர் வேலையை இழந்த கதை' என்று உலகெங்கும் சொல்லப்படுகிறது. வழக்கின் ஆவணமோ இன்னும் சில செய்திகளைத் தருகிறது. பயிற்சியின்போது அவருடைய பணித்திறம் குறித்து முன்பே குறைகள் எழுந்திருந்தன. அவர் இட்ட குறிப்பு, தம்மை மேற்பார்வை செய்த ஆசிரியரை மறைமுகமாகச் சாடுவதாகவும் கொள்ளப்பட்டது. இவையனைத்தும் உதிர்ந்து, தொப்பியும் குவளையும் மட்டுமே கதையில் எஞ்சின. சூழலை இழந்த படத்தின் ஆபத்தைச் சொல்ல வந்த கதையே தன் சூழலை இழந்துவிட்டது. ஓர் ஆசிரியரைப் பற்றிய செய்தி நம் திரைக்கு வரும்போது நாம் எவ்வளவு தயங்க வேண்டும் என்பதற்கு இதுவே தக்க சான்று.

மூன்றாவது நிகழ்வு மிசூரி மாநிலத்தில் நடந்தது. மாணவரைப் பாலியல் தீங்கிலிருந்து காக்கும் நோக்கத்துடன் 2011இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் மற்றவர் காணாத வகையில் இணையத் தளங்களில் உரையாடுவதை அது தடைசெய்தது. தம் பிள்ளை தம் பள்ளியிலேயே பயின்றால் அப்பிள்ளையுடன் பேசுவதுகூடத் தடைக்கு உட்படுமோ என்னும் கேள்வி எழுந்தது. நடைமுறைக்கு வருவதற்கு முன்பே நீதிமன்றம் அப்பகுதியை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் அதை நீக்கியது. நோக்கம் நல்லதாயினும், முழுத் தடை எல்லையை வரையறுக்கத் தவறிவிடுகிறது.

வேப்பந்தார் சொல்லும் பாடம்

எல்லை என்பது எங்கே தொடங்குகிறது? இவ்வினாவிற்கு நம் இலக்கியக் கொள்கையில் ஒரு வெளிச்சம் உண்டு. தொல்காப்பியத்தின் அகத்திணையியல், அன்பின் ஐந்திணையைப் பாடும்போது எவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்று விதிக்கிறது. தலைவன், தலைவி, தோழி என்றே பாடல் அமையும். உணர்வு அனைவருக்கும் உரியது; ஆள் யார் என்பது வெளிப்படலாகாது. பெயர் வெளிப்பட்டால் பாடல் அகம் என்னும் நிலையை இழந்து புறம் ஆகிவிடும்.

இவ்விதி எவ்வளவு நுட்பமாகக் கையாளப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. நக்கீரர் இயற்றிய அந்நூல் பத்துப்பாட்டுள் ஒன்று. பாசறையில் இருக்கும் அரசனையும், அவனைப் பிரிந்து அரண்மனையில் வருந்தும் அரசியையும் அது பாடுகிறது. பிரிவின் துயரைப் பாடுவதால் அது அகமாகவே தோன்றும். நூலில் அரசனின் பெயரும் இல்லை. ஆயினும் அங்கே வேலின் தலையில் வேப்பந்தார் கட்டப்பட்டுள்ளதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியருக்கு உரிய அடையாளப்பூ. அந்த ஒரு குறிப்பால் தலைவன் பாண்டியன் என்பது தெரிந்துவிடுவதால், நச்சினார்க்கினியர் அந்நூலைப் புறம் என்று கொண்டார்.

ஓர் அடையாளம் போதும், அகம் புறமாவதற்கு. சமூக ஊடகத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளத்தக்க உண்மை இது. "நான் எவர் பெயரையும் சொல்லவில்லையே!" என்று நாம் அடிக்கடி கூறிக்கொள்கிறோம். "இன்று ஒரு மாணவன் இப்படிக் கேட்டான்" என்று பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். நாம் எந்தப் பள்ளியில் பணியாற்றுகிறோம் என்பது நம் பக்கத்திலேயே இருக்கிறது. நாம் தொடக்கநிலை ஐந்தில் கற்பிக்கிறோம் என்பது சென்ற வாரப் பதிவில் இருக்கிறது. அப்பள்ளியில் தொடக்கநிலை ஐந்தில் தமிழ் பயிலும் மாணவர் பன்னிருவரே இருக்கலாம். பெயரைச் சொல்லாமலேயே மாணவரைச் சொல்லிவிட்டோம். சீருடையின் நிறம், சட்டையில் உள்ள பள்ளிச் சின்னம், புத்தகப்பையில் தொங்கும் பெயர்ச்சீட்டு, கையெழுத்து, பின்னணியில் கேட்கும் குரல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வேப்பந்தாரே.

ஆசிரியரைப் படமெடுக்கும் மாணவரும் இதே அளவுகோலுக்கு உட்பட்டவரே. முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று அவர் எண்ணுகிறார். சேலையையும் குரலையும் அறியாதவர் அப்பள்ளியில் எவரும் இலர்.

அணுகாமலும் அகலாமலும்

எல்லையைப் பற்றி இன்னும் நேராகப் பேசுவது நன்னூல். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய அந்நூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர், மாணாக்கர் ஆகியோரின் இலக்கணத்தை விரித்துரைக்கிறது. குளிர்காய்பவர் நெருப்பினிடம் நடந்துகொள்வதைப் போல, மாணாக்கர் ஆசிரியரிடம் மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருத்தல் வேண்டும் என்பது அது கூறும் கருத்துகளுள் ஒன்று. மிக விலகினால் சூடு கிட்டாது; மிக நெருங்கினால் சுடும்.

இணையத்தில் 'நண்பர்' என்னும் ஒரே சொல் எல்லா உறவையும் குறிக்கிறது. மாணவர் ஒருவர் நட்பு வேண்டுகோள் அனுப்பும்போது ஆசிரியர் தடுமாறுவது இதனாலேயே. ஏற்றால் மிக நெருங்கியதாகிறது. மறுத்தால் அம்மாணவர் மனம் வருந்துமோ என்னும் தயக்கம். நடப்பு மாணவரின் வேண்டுகோளை ஏற்பதில்லை என்று ஆண்டின் முதல் வாரத்திலேயே வகுப்பில் அறிவித்துவிடும் ஆசிரியர்களை நாம் அறிவோம். அனைவருக்கும் ஒரே விதி என்பதால் எவரும் தம்மை ஒதுக்கியதாக எண்ணுவதில்லை. "பள்ளிப் படிப்பை முடித்து வாருங்கள், அப்போது நண்பர்களாவோம்" என்று புன்னகையுடன் சொன்னால், மாணவர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வர். மாணவருடன் பேச வேண்டியவற்றைப் பள்ளி அமைத்துள்ள தளங்களிலேயே பேசுவது இருவருக்கும் பாதுகாப்பு. அங்கே உரையாடல் பதிவாகிறது. தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதாக எவரும் ஐயுற இடமில்லை.

நன்னூல் இன்னொன்றையும் கூறுகிறது. மாணாக்கர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது, உரிய பொழுதில் செல்லுதலை முதலில் வைக்கிறது. ஆசிரியர் கற்பிக்கும் முறையைச் சொல்லும்போதும் காலத்தையும் இடத்தையும் நன்கு நோக்குதலை முதலில் வைக்கிறது. கொடுப்போர், கொள்வோர் ஆகிய இருவருக்கும் பொழுதே முதல் ஒழுங்கு. இரவு பதினொரு மணிக்கு, "ஆசிரியரே, நாளைக்கு எழுத்துக்கூட்டல் உண்டா?" என்று வரும் குறுஞ்செய்தியை இவ்வொழுங்குக்கு முன் வைத்துப் பார்க்கலாம்.

நம் கல்வி அமைச்சும் இவ்வொழுங்கை வலியுறுத்தியுள்ளது. 2019இல் அறிமுகமான 'பேரண்ட்ஸ் கேட்வே' செயலி, பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையிலான செய்திகளுக்கு முறையான வழி ஒன்றை அமைத்துத் தந்தது. 2024 செப்டம்பரில், ஆசிரியர் தம் சொந்தக் கைத்தொலைபேசி எண்ணைப் பெற்றோருக்குத் தர வேண்டியதில்லை என்றும், அவசர நிலை தவிர்த்துப் பள்ளி நேரத்திற்குப் பின் வரும் பணி தொடர்பான செய்திகளுக்கு விடையளிக்க எதிர்பார்க்கப்படுவதில்லை என்றும் அமைச்சு தெளிவுபடுத்தியது. பெற்றோருள் சிலர் இதை விலகலாகக் கருதலாம். உண்மையில், இரவில் தம் குழந்தைக்குச் சோறூட்டும் ஆசிரியர் கைத்தொலைபேசியை எடுக்காமல் இருப்பதால்தான் மறுநாள் காலையில் நம் குழந்தைக்குப் பொறுமையுடன் பாடம் சொல்கிறார்.

எல்லை மீறப்பட்டால் சட்டம் துணைநிற்கும் என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. சிங்கப்பூரில் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் இயற்றப்பட்டது. 2019இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, ஒருவருக்குத் தொல்லையோ அச்சமோ மனவேதனையோ விளைவிக்கும் நோக்குடன் அவரை அடையாளம் காட்டும் செய்திகளை வெளியிடுவது குற்றமாகும். பெயர், ஒளிப்படம், தொலைபேசி எண், பணியிடம், குடும்பத்தார் பற்றிய செய்தி ஆகியவை இதனுள் அடங்கும். ஆசிரியர் மீது கொண்ட சினத்தால் அவருடைய எண்ணையும் படத்தையும் வெளியிட்டு, "அழைத்துத் திட்டுங்கள்" என்று எழுதுவது விளையாட்டு அன்று. உண்மையான குறை இருப்பின் அதைக் கூறப் பள்ளியிலும் அமைச்சிலும் வழிகள் உள. மாணவருக்குத் தீங்கிழைக்கும் ஆசிரியரின் செயலை உரியவரிடம் தெரிவிப்பது தனிவாழ்வில் தலையிடுவது ஆகாது, அது கடமை.

நம் கையில் உள்ள விடைத்தாள்

இதுவரை ஆசிரியரின் உரிமையைப் பேசினோம். இனி நம் பக்கத்துக் குறையையும் பேசுதல் வேண்டும். அதைப் பேசாமல் விட்டால் இக்கட்டுரை ஒருதலையாகிவிடும்.

ஆசிரியர்களாகிய நாம் திருத்தும் விடைத்தாள்களில் சிரிப்பை வரவழைக்கும் பிழைகள் வருவதுண்டு. 'பள்ளிக்குச் சென்றேன்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு குழந்தை 'பல்லிக்குச் சென்றேன்' என்று எழுதியிருக்கும். களைத்துப்போன இரவில் நமக்குச் சிரிப்பு வருகிறது. அதைப் படமெடுத்து ஆசிரியர் நண்பர்களின் குழுவில் இடுகிறோம். "இன்றைய முத்து" என்று ஒரு வரியும் சேர்க்கிறோம். பெயர் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டோம் என்பதால் நம் மனம் அமைதி கொள்கிறது. ஆனால் கையெழுத்து இருக்கிறது, தலைப்பு இருக்கிறது, நாம் யாருக்குக் கற்பிக்கிறோம் என்பதைக் குழுவினர் அறிவர். குழுவிலிருந்து ஒருவர் அதைத் தம் முகப்பில் இடுகிறார். தமிழ்ப் பிள்ளைகளின் தமிழ் இவ்வளவுதான் என்று மற்றொருவர் இரங்குகிறார். என்றோ ஒருநாள் அது அக்குழந்தையின் திரைக்கும் வந்து சேரலாம்.

அக்குழந்தையின் நிலையை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் ஆங்கிலம், நண்பரிடம் ஆங்கிலம், நாளில் ஒரு பாடவேளை மட்டுமே தமிழ். லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் கேட்டுப் பழக வாய்ப்பே இல்லாத குழந்தை, பிழையாகவேனும் ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதியிருக்கிறது. பிழை செய்யும் உரிமையை நம்பியே அது எழுதியது. விடைத்தாள் என்பது அக்குழந்தைக்கும் நமக்கும் இடையே உள்ள அகம். அதை நாம் புறமாக்கினால், அக்குழந்தை அடுத்த முறை எழுதாது. உயர்நிலையில் வாயைத் திறக்காது. வளர்ந்தபின், "எனக்குத் தமிழ் வராது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடும். மொழி இழப்பு பெரிய நிகழ்ச்சிகளால் மட்டும் நேர்வதில்லை. இத்தகைய சிறு கூச்சங்களாலும் நேர்கிறது.

திருமண வீட்டில் ஆடிய நம் காணொளியைச் சூழலிலிருந்து பிரித்து எடுத்தவர்மீது நாம் சினம் கொள்கிறோம். குழந்தையின் ஒரு வரியைச் சூழலிலிருந்து பிரித்து எடுத்த நமக்கும் அதே அளவுகோல் உண்டு. நம் தனிவாழ்வுக்கு மதிப்புக் கேட்கும் தகுதியை, மாணவரின் அகத்தைக் காப்பதன் வழியே நாம் பெறுகிறோம்.

விலகிவிடுதல் விடையாகுமா?

இவ்வளவு இடர்ப்பாடு இருப்பின் ஆசிரியர் சமூக ஊடகத்தை முற்றிலும் துறந்துவிடலாமே என்று தோன்றலாம். அவ்வாறு துறப்பது அவரவர் உரிமை. ஆனால் அதை அனைவருக்கும் உரிய விதியாக்கினால் இழப்பு நமக்கே. நல்லாசிரியருக்கு வேண்டிய பண்புகளுள் உலகியலறிவையும் சேர்த்தே நன்னூல் கூறுகிறது. மாணவர் தம் ஓய்வு நேரத்தில் பெரும்பகுதியைக் கழிக்கும் உலகத்தை அறியாத ஆசிரியர், அவர்களுக்கு அதில் வழிகாட்ட இயலாது.

மேலும், பாடநூலுக்கு வெளியே நம் மாணவர் காணும் தமிழ் பெரும்பாலும் திரைப்படத் தமிழும் கேலித் துணுக்குகளின் தமிழுமே. தாம் படித்த நூலைப் பற்றியும், லிட்டில் இந்தியாத் தெருப்பெயர் ஒன்றின் வரலாற்றைப் பற்றியும், மழைக்காலத்து மரீனா நீர்த்தேக்கத்தைப் பற்றியும் இயல்பான நல்ல தமிழில் எழுதும் ஆசிரியர் ஒருவர் இணையத்தில் இருப்பது பெரும்பேறு. தமிழ் வகுப்பறையோடு முடிந்துவிடும் மொழி அன்று என்பதை அவர் சொல்லாமலேயே காட்டிவிடுகிறார். அச்சத்தால் அவரும் மௌனமாகிவிட்டால் அவ்விடம் வெற்றிடமாகும்.

எனவே வாயில்களை இரண்டாக்கிக்கொள்வதே நன்று. எவரும் காணத்தக்க பொதுப்பக்கம் ஒன்று. அதில் மொழியும் நூலும் சிந்தனையும் இருக்கட்டும். உற்றார் மட்டும் காணும் தனிப்பக்கம் மற்றொன்று. அதில் குடும்பமும் விழாவும் வேடிக்கையும் இருக்கட்டும். தனிப்பக்கத்தில் உள்ளோரின் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்துச் சீர்செய்வோம். பிறர் தம் படத்தில் நம் பெயரை இணைக்கும்போது நம் இசைவைக் கேட்கும்படி அமைப்பை மாற்றிவைப்போம். நம் பக்கத்தை அறிமுகமற்ற ஒருவரின் கண்கொண்டு ஒருமுறை பார்ப்போம். இவற்றையெல்லாம் செய்தபின்னும், தனிப்பக்கம் என்பது தாழிட்ட பெட்டி அன்று என்பதை மறவாதிருப்போம். அங்குள்ள நண்பர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது பொதுப்பக்கமே.

நிறைவுரை

ஆசிரியர் குற்றமற்ற சிலையாக இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்க்கும் சமூகம், காலப்போக்கில் சிலைகளையே ஆசிரியராகப் பெறும். சிரிக்கவும் ஆடவும் அழவும் தெரிந்த மனிதரே குழந்தையின் மனத்தை அறிவர். அவ்வாழ்வுக்கு உரிய இடத்தைச் சமூகம் அளித்தல் வேண்டும். அவ்விடத்தைப் பெறும் ஆசிரியர், தம்மை நம்பி எழுதும் மாணவரின் இடத்தையும் அவ்வாறே காத்தல் வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவர் இந்த வார இறுதியில் சந்தையிலோ ரயிலிலோ தம் ஆசிரியரைக் காணக்கூடும். அப்போது கைத்தொலைபேசி பையிலேயே இருக்கட்டும். "வணக்கம், ஆசிரியரே" என்று ஒரு சொல் போதும். ஆசிரியரும் மீன் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "வணக்கம், நலமா?" என்று கேட்பார். திங்கட்கிழமை வகுப்பில் இருவரும் அதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.